தாளம் கேட்டால் கால் நகரும்!

நின்றுபோன நடையை மீட்க உதவும் ஓசைப் பயிற்சி… ஏற்றப்பாட்டில் இருந்த அறிவியல்!

'எங்க அப்பாவுக்கு 76 வயசு. கழனிக்குப் போகாம ஒருநாளும் இருந்ததில்ல. ரெண்டு வருஷமா வலது கை நடுங்குது. இப்ப நடையும் சுருங்கிப் போச்சு. வாசப்படி வந்தா, கால் தரையில ஒட்டிக்கிட்ட மாதிரி நின்னுடறார். ஆனா, ஆடி மாசம் அம்மன் கோயில்ல பம்பை அடிச்சப்போ, யார் கையையும் பிடிக்காம பத்து, பதினஞ்சு தப்படி நடந்தார். ஊரே பார்த்துச்சு. சாமி வந்துடுச்சுன்னு சொல்றாங்க. இது என்ன வியாதி? பம்பைக்கும் காலுக்கும் என்ன சம்பந்தம்?'

நமது கேள்வி-பதில் பகுதிக்கு வந்த கடிதம் இது. 'நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள்' என்று நாலு வரியில் பதில் எழுதி முடித்திருக்கலாம். ஆனால், அந்தக் கடைசிக் கேள்வி நம்மை விடவில்லை. தவிர, நடை நின்றுபோன பெரியவர்கள் இல்லாத ஊர் எது? அதனால் நேரிலேயே போய்ப் பார்த்துவிட்டு வந்தோம்.

வந்தவாசி பக்கம் ஒரு சிற்றூர். பெயரும் படமும் வேண்டாம் என்று குடும்பத்தார் கேட்டுக்கொண்டார்கள். இரண்டு ஏக்கர் கிணற்றுப் பாசனம். நெல்லும் மல்லாட்டையும் மாறி மாறிப் போடுகிறார்கள். நாம் போனபோது பெரியவர் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். முகத்தில் அசைவு குறைவு. வலது கையின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் எதையோ உருட்டுவதுபோல ஆடிக்கொண்டே இருந்தன.

''வாங்க தம்பி'' என்றார். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல மெதுவாக வந்தது.

கடிதம் எழுதிய மகள், ''முதல்ல காட்டின இடத்துல 'வயசாயிடுச்சு, அப்படித்தான் இருக்கும்'னு சத்து மாத்திரை குடுத்து அனுப்பிட்டாங்க. ஒரு வருஷம் அப்படியே போச்சு. போன மாசம்தான் நரம்பு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனோம். அவர் கையைப் பார்த்தார், நடக்கச் சொல்லிப் பார்த்தார். 'பார்க்கின்சன்'னு சொல்லி மாத்திரை எழுதிக் குடுத்தார்'' என்றார்.

நடுக்குவாதம் என்பது என்ன?

இந்த நோயை முதன்முதலில் விரிவாக எழுதி வைத்தவர் லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன். ஆண்டு 1817. அதனால்தான் அவர் பெயரே நோய்க்கு நிலைத்துவிட்டது. தமிழில் நடுக்குவாதம் என்கிறோம். 2019-ம் ஆண்டு கணக்குப்படி, உலகம் முழுவதும் 85 லட்சத்துக்கும் அதிகமானோர் இந்த நோயோடு வாழ்வதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

பெயரில் நடுக்கம் இருந்தாலும், ஆளை முடக்குவது நடுக்கம் மட்டுமல்ல. உடம்பு விறைத்துக்கொள்ளும். எந்த அசைவும் மெதுவாகும். நடக்கும்போது கை வீசுவது குறையும். தப்படி சின்னதாகி, பாதம் தரையில் உரசும். சிலருக்கு வாசற்படியிலோ, திரும்பும்போதோ, ஒடுக்கமான இடத்திலோ கால் அப்படியே உறைந்து நின்றுவிடும். காலில் பலம் இருக்கும். எலும்பில் குறை இருக்காது. மனசில் ஆசையும் இருக்கும். ஆனாலும் கால் எழும்பாது.

காரணம் காலில் இல்லை; மூளையில் இருக்கிறது.

ஏரிப் பாசனத்தில் நீர் பாய்ச்சுகிறவரை நினைத்துப் பாருங்கள். எந்த மடையை எப்போது திறப்பது, எவ்வளவு நேரம் விடுவது, எப்போது அடைப்பது என்று அவருக்குத் தெரியும். யாரும் சொல்ல வேண்டியதில்லை. நம் மூளையின் உள்பகுதியில் அப்படி ஒரு கூட்டம் இருக்கிறது. 'பேசல் கேங்க்லியா' என்று பெயர். நடப்பது, மெல்லுவது, கை வீசுவது என்று பழகிப்போன வேலைகளை, நாம் நினைக்காமலேயே வரிசைப்படி தொடங்கி வைப்பதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. 'இப்போது வலது கால், இப்போது இடது கால்' என்று உள்ளுக்குள்ளேயே நேரம் குறித்துக் கொடுப்பதும் இதன் வேலைகளில் ஒன்று.

இந்த வேலைக்கு 'டோபமைன்' என்ற ரசாயனம் தேவை. அதைச் சுரக்கும் செல்கள் கொஞ்சம் கொஞ்சமாக அழிவதுதான் பார்க்கின்சன். நீர் பாய்ச்சுகிறவர் கரையில் நிற்கிறார்; ஆனால், மடையைத் திறக்க அவர் கையில் பலம் இல்லை. மருத்துவர் கொடுக்கும் 'லெவோடோபா' மாத்திரை மூளைக்குள் போய் டோபமைனாக மாறுகிறது. அதனால்தான் மாத்திரை போட்ட சற்று நேரத்தில் பலருக்கு உடம்பு இளகுகிறது.

பம்பை என்ன செய்தது?

சரி, மாத்திரை போடாமலேயே பம்பைச் சத்தத்துக்குக் கால் எழுந்தது எப்படி?

கேட்பதற்கென்று மூளையில் ஒரு மூலை, நடப்பதற்கென்று இன்னொரு மூலை, இரண்டுக்கும் தொடர்பில்லை என்றுதான் பலரும் நினைக்கிறோம். அது உண்மையில்லை. 2007-ல் ஜெசிகா கிரான், மேத்யூ பிரெட் என்ற இரண்டு ஆய்வாளர்கள், தாள ஓசைகளைக் கேட்கும் ஆட்களின் மூளையை ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். ஆட்கள் அசையாமல் படுத்திருந்தார்கள். கை, கால் எதுவும் ஆடவில்லை. ஆனாலும், தெளிவான தாளம் காதில் விழுந்தபோது, பேசல் கேங்க்லியாவும் அசைவைத் திட்டமிடும் பகுதிகளும் சுறுசுறுப்பாயின. அடுத்த ஆண்டு கனடாவின் மான்ட்ரியல் நகர ஆய்வாளர்கள் செய்த சோதனையிலும் இதேபோலத்தான் தெரிந்தது. அதாவது, தாளத்தைக் காதால் கேட்கும்போதே கால் புறப்படத் தயாராகிறது. திருவிழாவில் நின்று வேடிக்கை பார்ப்பவர்களின் கால் தானாகத் தரையைத் தட்டுவது இதனால்தான்.

இன்னொரு விஷயமும் உண்டு. சீரான தாளத்துக்கு விரலால் மேசையைத் தட்டச் சொன்னால், பெரும்பாலானவர்கள் ஓசை வந்த பிறகு தட்டுவதில்லை. கண்ணிமைக்கும் நேரத்துக்கும் குறைவாக, சற்று முந்தியே தட்டிவிடுகிறார்கள். அடுத்த அடி எப்போது விழும் என்று மூளை முன்கூட்டியே கணக்குப் போட்டுவிடுகிறது என்பதற்கு இதுவே சாட்சி. பளிச் பளிச்சென்று எரியும் விளக்கைப் பார்த்துத் தட்டுவதைவிட, ஓசையைக் கேட்டுத் தட்டும்போது நேரம் துல்லியமாகப் பொருந்துகிறது. நேரத்தைப் பிடிப்பதில் கண்ணைவிடக் காது கெட்டி.

பார்க்கின்சன் வந்தவருக்கு உள்ளே நேரம் குறித்துக் கொடுக்கும் ஏற்பாடு பழுதாகிவிட்டது. வெளியிலிருந்து சீரான ஓசை வரும்போது, அந்தக் குறிப்பு காது வழியாகக் கிடைக்கிறது. பழுதான பாதையை மட்டும் நம்பாமல், சிறுமூளையும் அசைவைத் திட்டமிடும் மேல்மூளைப் பகுதிகளும் சேர்ந்து வேலையை எடுத்துச் செய்கின்றன என்பது ஆய்வாளர்கள் தரும் விளக்கம். பெரிய மடை அடைத்துக்கொண்டால், பக்க வாய்க்காலை வெட்டி விட்டுக் கழனிக்குத் தண்ணீர் கொண்டு போகிறோம் இல்லையா? அதுபோலத்தான் இதுவும்.

ஆக, ஊரார் சொன்னதில் பாதி சரி. பம்பைதான் பெரியவரை நடக்க வைத்தது. அது எந்த வழியாக நடக்க வைத்தது என்பதைத்தான் மேலே பார்த்தோம்.

மூன்று வாரத்தில் கிடைத்த பலன்

இதைப் பயிற்சியாக மாற்றியவர்களில் முக்கியமானவர், அமெரிக்காவின் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய மைக்கேல் தாவுட். அவரே ஓர் இசைக் கலைஞர். 1996-ல் அவருடைய குழு பார்க்கின்சன் நோயாளிகளை மூன்று பிரிவாகப் பிரித்தது. முதல் பிரிவினர், அழுத்தமான தாளம் சேர்த்த இசையை ஒலிநாடாவில் கேட்டபடி, வீட்டிலேயே தினமும் 30 நிமிடம் நடந்தார்கள். இரண்டாம் பிரிவினர் அதே அளவு நேரம், தாளம் இல்லாமல் நடந்தார்கள். மூன்றாம் பிரிவினருக்குப் பயிற்சியே இல்லை.

மூன்று வாரம் கழித்து அளந்து பார்த்தபோது, தாளத்தோடு நடந்தவர்களின் நடைவேகம் 25 சதவிகிதம் கூடியிருந்தது. தப்படியின் நீளம் 12 சதவிகிதம் கூடியிருந்தது. மற்ற இரண்டு பிரிவினருக்கும் இந்த அளவு முன்னேற்றம் இல்லை. ஆய்வில் கலந்துகொண்டவர்கள் 40 பேருக்கும் குறைவு. சின்ன ஆய்வுதான். ஆனால், அதன்பிறகு பல நாடுகளில் செய்த ஆய்வுகளும் இதே திசையைத்தான் காட்டின. இன்றைக்கு உலகம் முழுக்கப் பிசியோதெரபி நிபுணர்கள் கையாளும் முறை இது.

தாளத்தோடு பழகும்போது மூளையின் இணைப்புகளே மாறுகின்றனவா? 2017-ல் ஸ்காட்லாந்தின் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்தார்கள். வலது கைப் பழக்கம் உள்ள ஆட்களுக்கு, இடது கை விரல்களால் செய்யும் ஒரு புதிய அசைவு வரிசையைக் கற்றுக்கொடுத்தார்கள். ஒரு பிரிவுக்கு இசையோடு; இன்னொரு பிரிவுக்கு இசை இல்லாமல். நான்கு வாரம் கழித்து இரண்டு பிரிவும் வேலையை நன்றாகவே கற்றிருந்தன. ஆனால், ஸ்கேன் எடுத்துப் பார்த்தபோது, இசையோடு கற்றவர்களின் மூளையில், கேட்கும் பகுதியையும் அசைவுப் பகுதியையும் இணைக்கும் நரம்புக் கற்றை வலுவடைந்ததற்கான அடையாளம் தெரிந்தது. மற்றவர்களிடம் அந்த மாற்றம் இல்லை. மனிதர் நடக்க நடக்க ஒற்றையடிப்பாதை தெளிவாவதுபோல என்று வைத்துக்கொள்ளலாம்.

துலா மிதித்த கால்கள்

இதையெல்லாம் பெரியவரிடம் சொல்லிக்கொண்டிருந்தோம். கேட்டுக்கொண்டே இருந்தவர், ''தம்பி, நான் ஏத்தம் மிதிச்சவன்'' என்றார்.

''பத்து வயசுல இருந்து மிதிச்சேன். அப்ப மோட்டார் ஏது? எங்கப்பா கீழ நின்னு சாலைப் பிடிப்பார். நானும் எங்க சித்தப்பாவும் துலா மேல முன்னயும் பின்னயும் நடப்போம். கீழ விழுந்தா கிணறுதான். கைப்பிடி கிடையாது. பாட்டுதான் பிடி. அப்பா பாட்டுல எண்ணிக்கிட்டே வருவார். எண்ணு ஒண்ணு ஏறும்போது கால் ஒண்ணு ஏறும். பாட்டு நின்னா கால் நின்னுடும்.''

இவ்வளவும் பேசி முடிக்க அவருக்குச் சில நிமிடங்கள் ஆனது.

ஏற்றம் இறைத்தவர்களுக்கு இது தெரியும். ஒவ்வொரு சாலுக்கும் எண் சொல்லிப் பாடுவது வழக்கம். எத்தனை சால் இறைத்தோம் என்ற கணக்கும் அதிலேயே வந்துவிடும். மேலே மிதிப்பவரும் கீழே சால் பிடிப்பவரும் ஒரே நேரத்தில் அசைவதற்கும் அதுவே வழிகாட்டி. அடுத்த அடியைக் கேட்பதற்காகக் கம்பரே காத்திருந்தார் என்று ஏற்றப்பாட்டைப் பற்றிக் கதை உண்டு.

ஏற்றம் மட்டுமா? நாற்று நடவுக்குப் பாட்டு, நெல் குத்தப் பாட்டு, சுண்ணாம்பு இடிக்கப் பாட்டு, வலை இழுக்க ஏலேலோ, பாரம் தூக்க ஐலசா. ஸ்காட்லாந்தில் கம்பளித் துணியை மேசையில் அடித்துப் பதப்படுத்திய பெண்களுக்கும் அதற்கென்று பாட்டு இருந்தது. அலுப்புத் தெரியாமல் இருக்கப் பாடினார்கள் என்று மட்டும் சொல்லி வந்தோம். உடம்புக்கும் ஆதாயம் உண்டு என்று இப்போது தெரிகிறது.

2012-ல் வெளியான இங்கிலாந்து ஆய்வு ஒன்றில், ஓரிடத்தில் நிற்கும் சைக்கிளை இசையின் தாளத்துக்குப் பொருத்தமாக மிதித்தவர்களுக்கு, மந்தமான இசையோடு மிதித்தபோது தேவைப்பட்டதைவிடச் சுமார் 7 சதவிகிதம் குறைவான ஆக்சிஜனே போதுமானதாக இருந்தது. வேலை அதே அளவுதான், செலவு குறைவு. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகப் படகோட்டிகளிடம் செய்த சோதனையில், தனியாகத் துடுப்பு போட்டபோது இருந்ததைவிட, ஒன்றாகச் சேர்ந்து ஒரே சீராகப் போட்டபோது வலி தாங்கும் சக்தி கூடியிருந்தது. பத்துப் பெண்கள் வரிசையாகக் குனிந்து, பாட்டோடு நாற்று நட்ட காலத்தில், இடுப்பு வலி எப்படித் தாங்கியது என்பதற்கு இதில் ஒரு துப்பு இருக்கிறது.

வீட்டில் செய்த பயிற்சி

குடும்பத்தார் பயிற்சியை ஆரம்பித்தது, பக்கத்து நகரத்தில் உள்ள பிசியோதெரபி நிபுணர் ஒருவரின் மேற்பார்வையில். அவர் சொல்லிக் கொடுத்ததையும், மகள் செய்ததையும் வரிசையாகத் தருகிறோம்.

1. முதலில் எண்ணுங்கள்: மாத்திரை வேலை செய்யும் நேரத்தில், அவர் இயல்பாக நடக்கும்போது ஒரு நிமிடத்துக்கு எத்தனை தப்படி என்று எண்ண வேண்டும். பெரியவருக்கு 84 வந்தது.

2. அதே வேகத்தில் ஓசை: நிமிடத்துக்கு 84 அடி விழுமாறு ஓசை வைக்க வேண்டும். செல்போனில் 'மெட்ரோனோம்' என்ற இலவசச் செயலி இருக்கிறது. எண்ணைக் குறித்தால் டிக், டிக் என்று அடிக்கும். தகர டப்பாவில் குச்சியால் தட்டினாலும் போதும். சீராக இருக்க வேண்டும், அதுதான் முக்கியம்.

3. முதலில் கேளுங்கள், பிறகு நடங்கள்: நின்ற இடத்திலேயே ஓசையைக் கொஞ்சம் கேட்க வேண்டும். உடம்பை இடமும் வலமும் மெல்லச் சாய்த்துத் தாளம் பிடித்த பிறகு, ஓர் ஓசைக்கு ஒரு தப்படி என்று எடுத்து வைக்க வேண்டும்.

4. இடம்: சமதளமான களம், அகலமான வாசல். வரப்பில் கூடவே கூடாது. ஈரத் தரை, கால் தடுக்கும் கயிறு, கோழி, குழந்தைகள் எதுவும் குறுக்கே இருக்கக் கூடாது. பக்கத்தில் ஓர் ஆள் நிற்க வேண்டும்.

5. நேரம்: ஆய்வுகளில் தினமும் 30 நிமிடம் நடந்தார்கள். பெரியவர் 10 நிமிடத்தில் ஆரம்பித்தார். களைப்பு வந்தால் உட்கார்ந்துவிட வேண்டும்.

6. வேகத்தைக் கூட்டுவது: தாளத்துக்குச் சரியாக நடக்கப் பழகிய பிறகு 5 சதவிகிதம் கூட்டலாம். 84 என்பது 88 ஆகும். தப்படி சின்னதாகி ஓட்டம் பிடிப்பதுபோல் ஆனாலோ, கால் உறைந்தாலோ, பழைய வேகத்துக்கே திரும்பிவிட வேண்டும். அவசரம் ஆளைக் கீழே தள்ளிவிடும்.

''செல்போன் சத்தம் அப்பாவுக்குப் பிடிக்கல. 'கடிகாரம் மாதிரி அரிக்குது'ன்னார். மூணாம் நாள் அம்மா, மரக்காலைக் கவுத்துப்போட்டு குச்சியால தட்டினாங்க. அப்பா அவராவே எண்ண ஆரம்பிச்சுட்டார். ஒண்ணு, ரெண்டுன்னு இல்ல… தாத்தா எண்ணுவாராமே, அந்த ராகத்துல. எங்க யாருக்கும் அது தெரியாது. நான் அதைக் கேட்டதே இல்ல'' என்றார் மகள்.

நாம் பார்த்தது

சாயங்காலம் வெயில் தாழ்ந்த பிறகு பெரியவரைக் களத்துக்கு அழைத்துப் போகக் கிளம்பினார்கள். வாசற்படி வந்தது. கால் நின்றுவிட்டது. பாதம் தரையிலேயே துடித்ததே தவிர எழவில்லை. நாம் பதற்றத்தில் கையைப் பிடித்து இழுக்கப் போனோம். ''இழுக்காதீங்கண்ணா, விழுந்துடுவார்'' என்று மகள் தடுத்தார். ''நில்லுப்பா. அவசரமில்ல. எண்ணு'' என்றார்.

அவர் மனைவி திண்ணையில் உட்கார்ந்தபடியே மரக்காலில் தட்டினார். நாலு அடி வரை ஒன்றும் இல்லை. ஐந்தாவது அடிக்குப் பெரியவரின் உடம்பு இடப்பக்கம் சாய்ந்தது. ஆறாவதுக்கு வலது கால் எழுந்து படியைத் தாண்டியது. உதடு அசைந்துகொண்டே இருந்தது. களம் வரை போனார். திரும்பும்போது ஒரு முறை தடுமாறினார். மகள் தோளைக் கொடுத்தார்.

எல்லா நாளும் இப்படி இருப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மாத்திரையின் வேகம் இறங்கும் நேரத்தில், தட்டினாலும் கால் எழாத நாள்கள் உண்டு. இந்தப் பயிற்சி நோயைக் குணமாக்காது. செத்த செல்களை எழுப்பாது. பயிற்சியை விட்டுவிட்டால் கிடைத்த பலனும் சில வாரங்களில் மங்கிவிடும். மாத்திரையை நிறுத்தவே கூடாது. ஆனால், மாத்திரை திறந்துவிடும் நேரத்தை முழுசாகப் பயன்படுத்திக்கொள்ள இது உதவும்.

''என்னய்யா ஆசை உங்களுக்கு?'' என்று கேட்டோம்.

''தை மாசம் அறுப்பு. கழனி வரைக்கும் நடந்து போயிப் பார்க்கணும். தூக்கிட்டுப் போறேங்கறாங்க. கதிரைப் பார்க்க தூக்கிட்டா போவாங்க?'' என்றார். முகம் அசையவில்லை, ஆனால், கண்ணில் சிரிப்பு தெரிந்தது.

வீட்டிலிருந்து கழனி எவ்வளவு தூரம் என்று மகளிடம் கேட்டோம். அவர் ஏற்கெனவே எண்ணி வைத்திருந்தார். அப்பா நடையில் 640 தப்படி. இப்போதைக்கு 200 வரை வந்திருக்கிறார்கள்.

வாசகர் கேள்விகள்

இதே விஷயம் தொடர்பாக நமக்கு வந்த மற்ற கேள்விகளுக்கும் இங்கேயே பதில் தருகிறோம்.

பக்கவாதம் வந்து ஒரு கால் இழுக்கிறது. எனக்கும் தாளப் பயிற்சி உதவுமா?

உதவ வாய்ப்பு இருக்கிறது. 2007-ல் வெளியான ஆய்வில், பக்கவாதம் வந்த 78 பேரை இரண்டு பிரிவாகப் பிரித்து, மூன்று வாரம் பயிற்சி கொடுத்தார்கள். வழக்கமான பயிற்சி பெற்றவர்களைவிட, தாளத்தோடு நடந்தவர்களின் நடைவேகமும் தப்படி நீளமும் அதிகமாகக் கூடின. இரண்டு காலும் தரையில் படும் நேரம் சமமாவதற்கும் தாளம் உதவுகிறது. ஆனால், இரத்த அழுத்தம் கட்டுக்குள் வந்து, நடக்கலாம் என்று மருத்துவர் சொன்ன பிறகே தொடங்க வேண்டும். பக்கவாதம் வந்த புதிதில் தானாக எழுந்து நடந்து பார்க்கக் கூடாது.

சினிமா பாட்டு போட்டு நடந்தால் போதாதா?

போதும்; ஆனால், எல்லாப் பாட்டும் உதவாது. அடி தெளிவாகக் கேட்க வேண்டும். முதலிலிருந்து கடைசி வரை வேகம் மாறக் கூடாது. அந்த வேகம் உங்கள் நடைக்குப் பொருந்த வேண்டும். பாட்டை ஓடவிட்டு, ஒரு நிமிடத்துக்கு எத்தனை அடி விழுகிறது என்று எண்ணிப் பாருங்கள். இழுத்துப் பாடும் மெல்லிசை நடைக்கு ஆகாது. தெரிந்த பாட்டாக, பிடித்த பாட்டாக இருந்தால் தினமும் நடக்க மனசு வரும்.

தனியாக இருக்கும்போது கால் உறைந்துவிட்டால் என்ன செய்வது?

முன்னால் விழுந்தடித்து நகரப் பார்க்காதீர்கள். முழுவதுமாக நில்லுங்கள். மூச்சு விடுங்கள். உடம்பை இடமும் வலமும் சாய்த்து, வாயால் எண்ணி, மூன்றாவது எண்ணுக்கு ஒரு பெரிய தப்படி வையுங்கள். தரையில் குறுக்குக் கோடு இருந்தால் அதைத் தாண்டுவதுபோல் காலெடுத்து வைப்பதும் பலருக்கு உதவுகிறது. வாசற்படிக்கு முன்னும் பின்னும் சுண்ணாம்பால் தப்படிக்கு ஒரு கோடு போட்டு வைக்கலாம்.

பூனைக்காலி விதை இந்த நோய்க்கு மருந்து என்கிறார்கள். எங்கள் வேலியிலேயே இருக்கிறது. பொடித்துச் சாப்பிடலாமா?

பூனைக்காலி விதையில் லெவோடோபா இயற்கையாகவே இருக்கிறது என்பது உண்மை. அதனாலேயேதான் எச்சரிக்கை தேவை. விதைக்கு விதை அளவு மாறும். ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறவர் இதையும் சேர்த்தால் அளவு கூடி, வாந்தி, இரத்த அழுத்தம் இறங்குதல், மனக்குழப்பம், கை கால் கட்டுப்பாடில்லாமல் ஆடுதல் போன்றவை வரலாம். மருத்துவரிடம் சொல்லாமல் சாப்பிடாதீர்கள்.

பூச்சிக்கொல்லி அடிப்பவர்களுக்கு இந்த நோய் அதிகம் வருமா?

2011-ல் வெளியான அமெரிக்க ஆய்வில், 'பாராகுவாட்' களைக்கொல்லியைப் பயன்படுத்தியவர்களுக்கும், 'ரோட்டினோன்' பூச்சிக்கொல்லியைப் பயன்படுத்தியவர்களுக்கும், மற்றவர்களைவிடச் சுமார் இரண்டரை மடங்கு அதிகமாகப் பார்க்கின்சன் நோயோடு தொடர்பு காணப்பட்டது. இதில் ரோட்டினோன் செடி வேர்களிலிருந்து எடுக்கப்படுவது. இயற்கையானது என்பதாலேயே ஒரு பொருள் பாதுகாப்பானது ஆகிவிடாது. பாராகுவாட்டுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தில் 2007 முதல் அனுமதி இல்லை. மருந்து அடித்த எல்லோருக்கும் நோய் வரும் என்று இதற்கு அர்த்தமல்ல, அடிக்காதவர்களுக்கும் வருகிறது. ஆனாலும், வெறும் கையால் கலக்குவது, காற்றுக்கு எதிராக அடிப்பது, அடித்த துணியோடு சாப்பிட உட்காருவது இவற்றையெல்லாம் இன்றோடு விட்டுவிடுங்கள். கைக்களை எடுக்க முடிந்த இடத்தில் கைக்களையே எடுங்கள்.

எந்த அறிகுறி தெரிந்தால் மருத்துவரிடம் போக வேண்டும்?

சும்மா இருக்கும்போது ஒரு கை மட்டும் நடுங்குவது, நடக்கும்போது ஒரு கை வீசாமல் இருப்பது, கையெழுத்து வரவரச் சின்னதாவது, தப்படி சுருங்குவது, சட்டைப் பொத்தான் போட அதிக நேரமாவது, வாசனை தெரியாமல் போவது. இவற்றில் இரண்டு, மூன்று சேர்ந்து தெரிந்தால், 'வயசாகிவிட்டது' என்று விட்டுவிடாமல் நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இதற்கான சிகிச்சை கிடைக்கும். நாள் கடத்தினால் இழப்பு நமக்குத்தான்.